பல் மருத்துவரிடம் இருக்கும் சிரிப்பு

எங்கள் ஊரில் ஓர் ஓவியத்தை விற்றால் துணியும் மரச்சட்டமும் மட்டும்தான் வாங்கியவர் வீட்டுக்குப் போகும். படத்தில் பிடிபட்டது எதுவோ, அது வரைந்தவருக்கே சொந்தம். அதை அவர் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் எடுக்கமாட்டார், இருந்த இடத்திலேயே விட்டுவைப்பார். எங்கள் தெருமுனையில் போர்டு எழுதும் அந்தோணி அண்ணன் தன் பூனையைப் பல தடவை வரைந்து விற்றிருக்கிறார். பூனை இன்னும் அவர் கடை பெஞ்சுக்கு அடியில்தான் தூங்குகிறது.

எழுதிக் கொடுத்தால் மட்டும் அது படத்தோடு போய்விடும். நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நான் வரைந்தது அம்மா சிரிப்பதை. ஒருநாள் அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபோது அதன் கால் ஒன்று மெதுவாக விரிந்தது. அப்பா காபி டம்ளரைச் சிந்தாமல் பிடித்தபடியே தரைவரைக்கும் போய்ச் சேர்ந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். மேல்வரிசைத் தெத்துப்பல் முழுதாகத் தெரிந்தது. கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் படத்தின் முன்னால் பல் மருத்துவர் மணவாளன் வெகுநேரம் நின்றார். மறுநாள் அவருடைய மேனேஜர் ஒரு தாளோடு வந்தார். படத்தையும் அதிலுள்ள சகலத்தையும் விற்பதாக அதில் இருந்தது. ஒரு மனிதரை எதிரில் நிறுத்திவைத்துவிட்டு வரிவரியாகப் படிப்பது அவரைச் சந்தேகப்படுவது போல எனக்குப் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலை முதல் அம்மாவிடம் சிரிப்பு இல்லை.

"ஒருதரம் படிச்சுப் பார்த்துட்டுப் போட்டிருக்கலாம்" என்றார் அப்பா.

"அவர் நின்னுட்டே இருந்தாருப்பா."

"ஆமா. ஆள் நிக்கும்போது எப்படிப் படிக்கிறது."

அம்மா மின்வாரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே யாராவது நகைச்சுவையாக ஏதாவது சொன்னால், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "இதுக்கு நான் சிரிச்சிருப்பேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். தொலைக்காட்சியில் காமெடி ஓடும்போது நானும் அப்பாவும் திரையைப் பார்ப்பதில்லை. அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவள், "இதுக்கும்" என்பாள்.

சிரிப்பு கிளினிக்கில் இருந்தது. காத்திருக்கும் அறையில், மீன் தொட்டிக்கு மேலே படம் மாட்டியிருந்தார்கள். சிறிது நேரத்துக்கு ஒருதரம் அது சிரிக்கும். முதலில் மூச்சு உள்ளே போகும் சத்தம், பிறகு மூன்று படி இறங்குவது போல. பல் பிடுங்க வந்த குழந்தைகள் அழுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிப் போனேன். படத்துக்கு நேர்கீழே இருந்த நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே சிரிப்பு வந்தது. பக்கத்தில் கன்னத்தைப் பிடித்தபடி இருந்த பெண், "யாரு பெத்த மகராசியோ, எப்படிச் சிரிக்கிறா பாருங்க" என்றாள். அம்மா, "ஆமாங்க" என்றாள். தன்னுடையது என்று சொல்லவில்லை. இப்போது அது அவளுடையதும் இல்லை.

அதற்குப் பிறகு நான் தனியாகப் போகத் தொடங்கினேன். வாராவாரம் ஏதாவதொரு பல்லைச் சொல்லி டோக்கன் வாங்குவேன். என் எண்ணை அழைத்தால் பின்னால் இருப்பவருக்கு விட்டுக்கொடுப்பேன். சிரிப்பைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்படியில் அம்மா பக்கத்தில் நிற்பேன். என்ன என்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

என்னோடு ஓவியக் கல்லூரியில் படித்த ஜெனிட்டாவிடம் தொலைபேசியில் விசாரித்தேன். எழுதி வாங்கியவர் ஒரு வருடம்வரை அதை எதற்கும் பயன்படுத்தாவிட்டால் அது வரைந்தவரிடமே திரும்பிவிடும் என்றாள். சுவரில் மாட்டுவது கணக்கில்லை, அச்சடித்தால்தான் பயன்பாடு என்றாள். அச்சடித்துவிட்டால் சீக்கிரத்தில் திரும்பாது. "நீ வாயைத் திறந்து கேட்கமாட்டே. பேசாம வருஷம் முடியட்டும்னு வேண்டிக்கோ" என்று சேர்த்துக்கொண்டாள்.

வேண்டிக்கொண்டிருந்தேன். வருடம் முடியச் சில வாரங்களே இருந்தபோது, டோக்கன் கொடுக்கும் ஸ்டெல்லா அக்கா, பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டாவது கிளினிக் திறக்கப்போவதாகச் சொன்னார். படத்தை மருந்துச்சீட்டிலும் பைகளிலும் அச்சடிக்கப்போகிறார்களாம். மாலையில் அச்சகத்துக்காரர் வருகிறாராம். "அந்தப் பல்லு அச்சுல அப்படியே விழணும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றார்.

அன்று என் எண்ணை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தேன். கேட்க வேண்டியதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோதே, டாக்டர் என் வாயில் கண்ணாடியையும் உறிஞ்சு குழாயையும் பஞ்சையும் வைத்துவிட்டார். எனக்கு அது உதவியாக இருந்தது. வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவைப் பற்றி, அலுவலகத்தில் அவள் சொல்லும் பதிலைப் பற்றி, அப்பாவும் நானும் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி. வெளியே வந்தது ஆ, ஆ என்ற சத்தம்தான். இருபது வருடத் தொழிலில் அந்தப் பாஷை அவருக்குப் பழகியிருந்தது.

"நான் சுவருக்காகத்தான் வாங்கினேன்" என்றார். "சகலமும்னு மேனேஜர் எல்லாப் பேப்பர்லயும் போடுவார். நாற்காலி வாங்கினாலும் அப்படித்தான். சிரிப்பு கூடவே வரும்னு நான் நினைக்கல."

பஞ்சை மாற்றினார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "எல்லாரும் போனப்புறம் நானும் வெளியே படத்துக்குக் கீழே கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்."

நான் ஆ என்றேன்.

"தெரியுது. அவங்க எனக்கு அம்மா இல்ல, உங்களுக்குத்தான் அம்மா" என்றார்.

கையுறையைக் கழற்றிவிட்டு மருந்துச்சீட்டிலேயே எழுதினார். படம் தன்னிடம் இருக்கும், மற்றது வரைந்தவருக்கே திரும்புகிறது என்று. கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். இந்தமுறை அவர் நிற்கும்போதே கடைசி வரிவரைக்கும் படித்தேன். படித்து முடித்தபோது வெளியறையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. என் மேல்வரிசையில் ஒரு பல் மெல்ல முன்னால் ஏறி நின்றது. டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்.

பஸ்ஸில் ஒரு பாட்டி, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது என்று கண்டக்டரிடம் சண்டை போட்டார். "அடுத்த ரவுண்டுல திரும்ப இங்கதான் வரும், உக்காரு ஆத்தா" என்றார் கண்டக்டர். நான் சிரித்தேன். முதலில் மூச்சு உள்ளே போனது, பிறகு மூன்று படி இறங்கியது.

வீட்டில் அப்பா ஏதோ சொல்ல, அதற்கும் சிரித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து வாசல்படியில் நின்றாள்.

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சும்மா."

"உன் பேருக்கா?"

"என் பேருக்குத்தான். உனக்கு எழுதித் தந்துடுறேன்."

"எழுத்தெல்லாம் வேண்டாம். எழுதித்தானே ஒருதடவை போச்சு. நான் வரைஞ்சே எடுத்துக்கிறேன். அப்படியே உக்காரு."

பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அலுவலகப் பென்சிலால் வரைந்தாள். நான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே அசையாமல் இருந்தேன். அம்மா அதற்குமுன் கோலம் தவிர எதுவும் வரைந்ததில்லை. வரைந்து முடித்ததும் அப்பா எட்டிப் பார்த்தார். "இது எதிர்வீட்டு மல்லிகா மாதிரில்ல இருக்கு" என்றார்.

நானும் பார்த்தேன். மல்லிகாதான். அவருடைய மேடான நெற்றிகூட அப்படியே வந்திருந்தது.

எதிர்வீட்டில் டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மல்லிகா அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. மீதியை அம்மா சிரித்தாள். விக்கல் போன்ற, குட்டையான சிரிப்பு. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு லேசா இருக்கே" என்றாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

சற்று நேரத்தில் மல்லிகா அக்கா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அம்மா அவருக்கு ஒரு காலண்டர் தாளும் பென்சிலும் கொடுத்து என் எதிரில் உட்காரவைத்தாள்.

"இவங்க வரைஞ்சா உன் சிரிப்பு இவங்களுக்குப் போயிடும்மா" என்றேன்.

"போகட்டும்டி. எதிர்வீட்லதானே இருக்கும்" என்றாள் அம்மா. "ஜன்னலைத் திறந்து வச்சா கேட்கும்."

மல்லிகா அக்கா கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொன்னார். நான் திரும்பினேன்.