விரிசலை மறைத்த விளக்கு

நிஷாப்பூர் கடைத்தெருவில் ஷீர்ஸாத் குடைந்த மாக்கல் விளக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அந்தப் பெயர்தான் அவனைக் கெடுத்தது. பள்ளிவாசலுக்கு ஏழு திரி விளக்கு கேட்டிருந்தார்கள். கடைசித் திரி மூக்கைக் குடையும்போது அடியில் மயிரிழை விரிசல் ஓடிவிட்டது. வேறு கல்லுக்கு மலைக்குப் போனால் நோன்புக்குள் முடியாது. கல்பொடியை முட்டை வெள்ளையில் குழைத்து அடைத்தான். ஆட்டுக் கொழுப்பைத் தடவி, சூடுகாட்டிக் கறுப்பாக்கினான். புது விளக்கை அப்படிப் பழக்குவது வழக்கம்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

விளக்கு பள்ளிவாசலின் மண்சுவர் மாடத்தில் ஏறியது. கசிந்த எண்ணெயை மாடம் சத்தமில்லாமல் குடித்தது. இரவின் இஷாத் தொழுகை முடியுமுன்பே திரிகள் கருகின. அளந்து ஊற்றிய எண்ணெய் எங்கே போகும்? ஊர்வாய் விளக்கேற்றும் ஹம்தூனைப் பிடித்துக்கொண்டது.

"என்னப்பா ஹம்தூன், உங்க வீட்டுல தினமும் பலகாரம் பொரியுதாமே?"

ஹம்தூன் நேரே ஷீர்ஸாத்தின் பட்டறைக்கு வந்தான். "உஸ்தாத், விளக்கு எங்கயாவது ஒழுகுதான்னு கொஞ்சம் பாரேன்."

"என் விளக்கா? ஒழுகுறதா?" என்று சீறினான் ஷீர்ஸாத். சீறிய வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது. "சரி, கொண்டா. துடைச்சுத் தரேன்."

மலைக்கு ஓடினான், நல்ல கல்லெடுத்தான், அச்சாக அதே மாதிரி ஒன்று குடைந்து யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்தான். பாவம் தீர்ந்தது என்று நினைத்தான், மடையன். புது விளக்கு கடைசித் தொழுகை தாண்டியும் எரிந்தது.

"பாத்தீங்களா? மாட்டிக்கிட்டதும் திருட்ட நிறுத்திட்டான்!" என்றது ஊர்வாய்.

பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி மறுநாளே ஹம்தூனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

ஷீர்ஸாத்துக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றான். விரிசல், பூச்சு, மாற்றி வைத்தது எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொன்னான்.

முத்தவல்லி தொண்டையைச் செருமினார். "ஹம்தூன், நாளையிலருந்து நீயே விளக்கேத்துப்பா."

"அது கெடக்கட்டும்." ஹம்தூன் ஷீர்ஸாத்தைப் பார்த்தான். "என் வீட்டுல வந்து இத சொல்லு."

வீட்டுக்கு வந்து ஷீர்ஸாத் சொன்னதை எல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று ஹம்தூனின் மனைவி கேட்டாள்.

"எண்ணெ ஒழுகிப்போச்சா? ஒரு சொட்டுகூட நம்ம வீட்டுக்கு வரலயே, எவளுக்குக் கொண்டுபோய்க் குடுத்தீங்கன்னு ஒரு மாசமா இவர வறுத்தெடுத்தேனே. நேத்துத்தான் என் தொல்லை தாங்காம, 'திருடினது நெசம், சந்தையில வித்துட்டேன்'னு என் கால்ல விழுந்து ஒத்துக்கிட்டாரு!"

ஹம்தூன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று ஷீர்ஸாத்துக்குத் தெரியவில்லை.