பல் டாக்டர் பார்த்த பிரேக்

பிரேக்கை மிதித்தால் என் கார் இடது பக்கமாக ஒதுங்கிப் போய் நிற்கும். நேராக நிற்கிற பழக்கத்தை அது விட்டு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இடது பக்கம் கடை வைத்திருப்பவர்களிடமே சாமான் வாங்கினோம். இடது பக்கம் குடியிருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கே போய் வந்தோம். வலது பக்கம் இருந்த என் வழிச் சொந்தக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் மனைவி அந்த ஒன்பது மாதத்தில் நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போன இடத்தில் இருந்த பரிசோதகர் பொய் சொல்லவே தெரியாத மனிதர். வண்டியை உருளைகள் மேல் ஏற்றிப் பார்த்துவிட்டு, முன் வலது சக்கரத்தில் பிரேக் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். சரிசெய்து கொண்டுவரப் பத்து நாள் அவகாசம்.

அன்று சாயங்காலமே மகள் போன் செய்தாள். இருபத்தாறு வருடத்துக்கு முன் அவள் பேசக் கற்றுக்கொண்டதே அந்தக் காரின் பின் சீட்டில்தான். நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா, பத்தாம் நாள் பாஸ் ஆச்சுன்னா வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும், நான் வாயே திறக்கலை. ஆகலைன்னா அன்னிக்கு மத்தியானமே பழைய இரும்பு எடுக்கிறவர் லாரியோட வந்து நிப்பார். பேசி வெச்சுட்டேன்."

நான் சரி என்றேன். அவளிடம் வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

மெக்கானிக்கிடம் போனேன். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற காலிப்பர் புதிதாகக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, அதைச் செய்த தொழிற்சாலையே இப்போது கல்யாண மண்டபம் ஆகிவிட்டது என்றார். உள்ளே போடுகிற ரப்பர் வளையங்கள் மட்டும் ஒரு கவரில் கிடைத்தன. வீட்டிலேயே கழற்றி, துரு எடுத்து, புது ரப்பர் போட்டு மாட்டுவது என்று முடிவு செய்தேன். நான் முப்பத்தெட்டு வருடம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன். ஒரு கேமராவை உள்ளங்கையில் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டுவேன். பெரும்பாலும் எல்லாத் திருகாணிகளையும் போட்டுவிடுவேன்.

துணைக்கு மச்சானைக் கூப்பிட்டேன். என் மனைவியின் தம்பி. பல் டாக்டர். போன வருடம்தான் கிளினிக்கை மூடினான். அன்றிலிருந்து கை துறுதுறுவென்று அலைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்க் குழாயின் வாய்க்குள்கூட டார்ச் அடித்துப் பார்ப்பான். காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற தாடை என்று நான் போனில் விளக்கினேன். தாடை என்ற சொல்லைக் கேட்டதும் மேற்கொண்டு கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் கருவிப் பையோடு வந்துவிட்டான்.

கார் ஷெட்டில் ஜாக்கி கொடுத்து, முன் சக்கரங்கள் இரண்டையும் எடுத்தோம். நான் வெளியே போய்த் துணி தேடிக்கொண்டிருந்தபோது அவனே இரண்டு காலிப்பரையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் நோயாளி அட்டை ஒன்றைக் கட்டி 'வலது', 'இடது' என்று அழகாக எழுதியும் வைத்திருந்தான்.

"என் சர்வீஸ்ல ஒரு தப்புப் பல்லைப் பிடுங்கினது இல்லை அத்தான். ஏன் சொல்லுங்க? முதல்லயே எழுதி வெச்சுடுவேன்" என்றான்.

வலது காலிப்பருக்குள் இருந்து தாடையைத் தள்ளுகிற பிஸ்டன் துருவில் உறைந்து கிடந்தது. தட்டினோம், தாஜா செய்தோம், எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். அசையவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெயிண்டரிடம் காற்றடிக்கும் மெஷினை இரவல் வாங்கி, பிரேக் எண்ணெய் போகிற துளை வழியாகக் காற்றைக் கொடுத்தோம். பிஸ்டன் கிளம்பியது. ஷெட்டின் தகரக் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. நாங்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தோம். கழுத்து வலித்தது. சாப்பிடப் போனோம். சாப்பிட்டுக் கை கழுவும்போது பிஸ்டன் திரும்பி வந்தது. வேறு ஓட்டை ஏதும் போடவில்லை, போன ஓட்டை வழியாகவே வந்து இறங்கியது. அந்தக் காலத்து வேலைப்பாடு அப்படி. இடது காலிப்பருக்கு முன்னெச்சரிக்கையாக ஒரு மரக்கட்டையைக் குறுக்கே கொடுத்துத் துணியால் மூடிக்கொண்டோம். கூரையில் இன்னொரு ஓட்டைக்கு என் மனைவி அனுமதி தரவில்லை.

அதற்குப் பிறகு மச்சானின் ராஜ்யம். ரப்பர் உட்காரும் பள்ளத்தில் இருந்த துருவைப் பல் சுரண்டும் கொக்கியால் எடுத்தான். சுரண்டும்போது, "கொஞ்சம் கூசும், வலிச்சா கையைத் தூக்குங்க" என்று மெதுவாகச் சொன்னான். காலிப்பர் கையைத் தூக்கவில்லை. ரொம்பப் பொறுமையான பேஷண்ட் என்று பாராட்டினான். நான் பிஸ்டனை உப்புத்தாளால் தேய்த்து முகம் தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். புது ரப்பர் போட்டுப் பூட்டி, சூடு தாங்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்து, துணி காயப்போடும் கம்பியில் தொங்கவிட்டோம். என் மனைவி இரண்டு நாள் துணிகளைச் சமையலறையில் காயப்போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நான் பயப்படுவது வழக்கம். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் மாட்டினோம். வண்டிக்கு முன்னால் நின்று, அட்டையைப் படித்து, 'வலது' என்று இருந்ததை வலது பக்கத்திலும் 'இடது' என்று இருந்ததை இடது பக்கத்திலும் நானே என் கையால் மாட்டினேன். எண்ணெய்க் குழாய் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புதுப் பல்செட்டும் முதல்ல இப்படித்தான் உறுத்தும். ரெண்டு நாள்ல பழகிடும்" என்றான்.

இனி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று இருக்கிறவரை பிரேக் பிடிக்காது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, வெளியே இருப்பவர் காலிப்பரில் உள்ள சின்ன மூக்கைத் திறந்து, குமிழி வந்ததும் மூட வேண்டும். மிதிக்க என் மனைவி வந்தாள். டிரைவர் சீட்டில் வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் "மிதி" என்றால் மிதித்தாள், "பிடி" என்றால் பிடித்தாள், "விடு" என்றால் விட்டாள். நாற்பத்தொரு வருடத்தில் நான் சொன்னதைச் சொன்ன உடனே அவள் செய்தது அன்று ஒருநாள்தான். எனக்கு நிறுத்த மனசு வரவில்லை.

ஆனால் பெடல் ஈர மெத்தையாக அமுங்கி அடியில் போய் உட்கார்ந்தது. பத்து தடவை, இருபது தடவை, எழுபது தடவை. இரண்டு டப்பா எண்ணெய் தீர்ந்து மூன்றாவது திறந்தோம். குமிழி வருவது நின்றுவிட்டது. பெடல் மட்டும் ஏறவில்லை. மூன்று மணிக்கு இரும்புக்காரர் போன் செய்து, எங்கள் தெருவில் லாரி திரும்ப இடம் இருக்குமா என்று மரியாதையாக விசாரித்தார். நாளைக் காலை பத்து மணிக்குப் பரிசோதனை.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தான். பள்ளத்தை நீ அளவுக்கு மேல் சுரண்டிவிட்டாய் என்றேன். ரப்பரை நீங்கள் கோணலாக உட்காரவைத்தீர்கள் என்றான்.

"உங்க கை போட்டோக்காரர் கை அத்தான். எதுவா இருந்தாலும் 'கொஞ்சம் சிரிங்க'ன்னு சொல்லி முடிச்சுடுவீங்க."

"நீ தொட்டதுக்கு அப்புறம் எந்த வாய்டா ஒழுங்கா மூடியிருக்கு?"

காருக்குள் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு என் மனைவியின் குரல்.

"ஏங்க, என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினோம். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். மத்தியானத்திலிருந்து என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க மிதின்னு சொன்னீங்க, மிதிச்சேன். சொல்லுன்னு யாரும் சொல்லலையே."

"சரி, சொல்லு."

அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். கைப்பையைத் திறந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தாள். எடுத்து இருபத்திரண்டு வருடம். காலாகாலத்தில் புதுப்பித்தும் வைத்திருந்தாள். ஒரு கீறல் இல்லை. அவள் ஓட்டுகிறேன் என்று கேட்ட ஒவ்வொரு முறையும், இன்றைக்கு ரோட்டில் கூட்டம் அதிகம், அடுத்த வாரம் பார்ப்போம் என்று நான்தான் சொல்லி வந்தேன். இருபத்திரண்டு வருடமாகக் கூட்டம் குறையவே இல்லை.

"நாளைக்கு வண்டியை நான் ஓட்டறேன். நாளைக்கு மட்டும் இல்லை, இனிமே நான்தான். சரின்னா சொல்றேன். இல்லைன்னா லாரி வரட்டும், எனக்கு ஒண்ணும் இல்லை."

யோசிக்க நேரம் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், நாளை பத்து மணி வரை இருக்கிறதே என்றாள். மச்சான் என் காதருகில் குனிந்து, அக்காவைச் சின்ன வயதிலிருந்து தெரியும், ஒத்துக்கொள்வது நல்லது என்றான். வண்டி வீட்டில் இருந்து நான் ஓட்டாமல் இருப்பதா, வண்டியே இல்லாமல் ஓட்டாமல் இருப்பதா? ஒத்துக்கொண்டேன். மச்சானைச் சாட்சி வைத்து இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அவள் இறங்கி வந்து, சக்கரம் இல்லாத இடத்தில் குனிந்து, நாங்கள் காலையிலிருந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த மூக்கை விரலால் தொட்டாள்.

"தம்பி கழட்டறப்போ பார்த்தேன், இது மேல் பக்கமா இருந்தது. இப்ப கீழ தொங்குது. காத்து மேலதான் நிக்கும். நீங்க கீழ கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு வா வான்னா, அது எப்படி வரும்?"

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். அங்கேயும் மூக்கு கீழே இருந்தது. வலது இடதாகவும் இடது வலதாகவும் மாறியிருந்தன. யார் மாற்றியது என்று விசாரணை நடந்தது. மச்சான் வண்டிக்கு நேர் எதிரே போய் நின்று, பானெட்டைத் திறந்த வாயாக நினைத்துப் பார்த்தான்.

"பேஷண்ட் எதிர்ல இருக்கார். அவரோட வலதுதான் வலது. டாக்டரோட வலதை எழுதினா ஊர்ல ஒருத்தனுக்கும் பல் மிஞ்சாது."

மாட்டும்போது நானும் அதே இடத்தில்தான் நின்றேன். குரூப் போட்டோவுக்குக் கீழே இடமிருந்து வலம் என்று பெயர் போடுகிறோமே, அது பார்ப்பவருடைய இடது. நிற்பவருடைய இடதைப் போட்டால் தலைமை ஆசிரியர் பெயர் பியூன் காலடியில் போய் விழும். முப்பத்தெட்டு வருடத்தில் எனக்கும் ஒரு பெயர் மாறியதில்லை.

"ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் தொழில் பண்ணியிருக்கீங்க. வண்டிதான் பாவம்" என்றாள் என் மனைவி.

மாற்றி மாட்டினோம். குழாய் முறுக்கு விட்டு இயல்பாக நின்றது. இந்தத் தடவை மூக்கைத் திறந்ததும் வந்த காற்றில் ஷெட் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒன்பது தடவை மிதித்ததில் பெடல் செங்கல்லாக நின்றது.

மறுநாள் காலை அவள் ஓட்டினாள். முன் சீட்டில் உட்கார்ந்தால் அவள் கையைப் பிடித்துவிடுவேன் என்று மச்சானை முன்னால் உட்காரவைத்து என்னைப் பின்னால் ஏற்றினார்கள். முதல் சிக்னலில் பிரேக் போட்டாள். வண்டி நேராக, போட்ட இடத்தில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் சீட்டிலிருந்து கிளம்பி அடுத்த சிக்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

பரிசோதனை நிலையத்தில் உருளைகள் மேல் ஏற்றி, பரிசோதகர் மிதிக்கச் சொன்னார். மிதித்தாள். சக்கரங்கள் நின்றன, உருளைகள் நின்றன, அடுத்த வரிசையில் போய்க்கொண்டிருந்த ஒரு வேனும் மரியாதைக்கு நின்றது. பரிசோதகர் மீட்டர் முள்ளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு, யார் செய்த வேலை என்று கேட்டார். மச்சானும் நானும் ஒரே சமயத்தில் முன்னால் வந்தோம். அவர் சான்றிதழை ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார்.

மகளுக்குப் போன் செய்து, வண்டி என்னிடமே இருக்கிறது என்று சொன்னேன். அது உண்மைதான். பதிவுப் புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது. பிறகு டிரைவர் பக்கக் கதவருகே போய், பழக்க தோஷத்தில் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"பின்னாடி ஏறுங்க. பெல்ட் போட்டுக்குங்க" என்றாள்.

ஏறினேன். வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. அவள் திரும்பவில்லை. அடுத்த தெருவிலும் திரும்பவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"தெரியலை. கூட்டம் இல்லாத ரோடா ஒண்ணு இருக்கான்னு பார்க்கறேன்" என்றாள்.

பெட்ரோல் தீரும் வரை பார்த்தாள்.