மனுதாரர்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு கிராமத்திலிருந்து சட்டம் படித்த முதல் பெண் ஆர்த்தி. படிப்பு முடிந்ததும் சென்னையில் ஓர் அறக்கட்டளை இரண்டு வருடங்களுக்கு அவளுக்கு உதவித்தொகை தர முன்வந்தது. வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக மட்டுமே அவள் வேலை செய்ய வேண்டும். கூடப் படித்தவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவள் பழவேற்காடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து உட்கார்ந்தாள்.

யாரும் வரவில்லை. "சும்மா பண்றாங்கன்னா உள்ள வேற இன்னாவோ கீது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். மதியச் சோற்றைத் தனியாகத் தின்றுவிட்டு, சாயங்காலம் வரை வாசலைப் பார்த்திருப்பாள்.

மழை விட்ட பிறகுதான் சரோஜா வந்தாள். ஏரிச் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிப்பவள். ஆர்த்தியின் அம்மா எல்லம்மாவுக்கும் அதுதான் பிழைப்பு. கரையோரத் தண்ணீரை வலைக்காரர்கள் சிலர் கம்பு நட்டு மறித்துவிட்டார்கள். மீறி இறங்கிய சரோஜா கழுத்தில் மாட்டியிருந்த பறியை, இறால் போடும் ஓலைக்கூடையை, பிடுங்கி எறிந்தார்கள். ஆர்த்தி மனு போட்டாள். பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரணைக்குத் தேதியும் கிடைத்தது.

அதற்குள் சரோஜா திரும்பி வந்தாள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"என் பேரை எடுத்துடு ஆர்த்தி. மனு போட்டதுலேர்ந்து வியாபாரிங்க எங்க இறாலை வாங்க மாட்டேன்றாங்க."

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ அத்தே."

"உனக்கு ரெண்டு வருசம். அப்பால மெட்ராசுக்குப் போயிடுவே. நாங்க இந்தத் தண்ணியிலதானே கெடக்கணும்."

வீட்டில், அம்மா பேரிலாவது மனு போடலாமா என்று கேட்டாள். எல்லம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே, "சரோஜா சொன்னதுல இன்னா தப்பு?" என்றாள்.

மறுநாள் ஆர்த்தி அறையைத் திறக்கவில்லை. பறியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். பள்ளிக்கூட விடுமுறைகளில் செய்த வேலைதான், விரல்களுக்கு மறந்திருந்தது. சிப்பி கிழித்தது. கரையில் நின்ற பெண்கள் பார்த்தார்கள், ஒருத்தியும் கூப்பிடவில்லை. "வக்கீலம்மா, கோர்ட்டு அந்தாண்ட கீது" என்று படகிலிருந்து ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் தலை நிமிரவில்லை. தினமும் இறங்கினாள். விற்காத இறாலை அம்மா சமைத்தாள். தானும் கையால் இறால் பிடிப்பவள் என்று ஆர்த்தி மனுவைத் தன் பேரிலேயே மாற்றி எழுதிக் கொடுத்தாள்.

விசாரணையில் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க வக்கீலா, மனுதாரரா?"

"படிச்சது வக்கீலுக்கு சார். இறங்குறது இந்த ஏரியில."

எதிர்த்தரப்பு, அறக்கட்டளைப் பணத்துக்காக இவள் ஊரைக் கலைக்கிறாள் என்றது. அவள் பக்கத்தில் பேச வேறு ஆள் இல்லை. அதிகாரி ஏரிக்கே வந்து பார்த்தார். இறுதி முடிவு வரும்வரை கையால் பிடிப்பவர்களை யாரும் தடுக்கக் கூடாது, கம்புகளை எடுக்க வேண்டும் என்று உத்தரவானது.

ஆர்த்தி சரோஜா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். சரோஜா கேட்டுக்கொண்டாள்.

"மறுபடி நட்டாங்கன்னா?"

"மறுபடி மனு போடலாம்."

"அப்போ நீ இருப்பியா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியல அத்தே."

கம்புகளைப் பிடுங்கிய மறுநாள் காலை பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, ஏதோ பேசிச் சிரித்தார்கள். எல்லம்மாவும் நடுவில் இருந்தாள். ஆர்த்தி கரையில் சிறிது நேரம் நின்றாள். யாராவது திரும்பினால் கை காட்டலாம் என்றிருந்தாள். அவர்கள் சேற்றில் கவனமாக இருந்தார்கள். அறையைத் திறக்க வேண்டும்; பஸ்ஸுக்கு நேரமானதால் நடந்தாள்.