ஒற்றைத்தடத்து வளையம்

அந்த மலைப்பாதையில் ஹாரன் அடிக்கக் கூடாது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. உச்சியில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நிற்கும், எல்லை என்பது அவ்வளவுதான். மேய வருகிற ஆடுகளுக்கு அது பொருட்டில்லை. காவலுக்கு நிற்கிறவர்களுக்கு அப்படியா? இங்கே ஒரு ஹாரன் சத்தம் கேட்டால், யாருக்கு என்ன ஜாடையோ என்று இரண்டு பக்கமும் துப்பாக்கியைத் தொட்டுப் பார்ப்பார்கள். கைப்பேசியும் அங்கே உதவாது. பையிலிருந்து எடுத்தால் அடுத்த நாட்டிலிருந்து நல்வரவுச் செய்தி வரும், பிறகு செத்துப்போகும்.

பாதையின் நடுவே ஒற்றைத்தடம் என்று ஒரு பகுதி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் காற்று. ஒரு ஜீப்தான் போகலாம். எதிரில் இன்னொன்று வந்தால் ஒதுங்க இடமில்லை. அதனால் ஜீப் ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். சிவப்புச் சாயம் அடித்த இரும்பு வளையம், ஒன்றே ஒன்று. தடத்தின் கீழ்முனையில் ஒரு கம்பம், மேல்முனையில் ஒரு கம்பம். கம்பத்தில் வளையம் தொங்கினால் எடுத்து கியர் கம்பியில் மாட்டிக்கொண்டு போகலாம். போய்ச் சேர்ந்ததும் அந்த முனைக் கம்பத்தில் மாட்டிவிட வேண்டும். கம்பம் வெறுமையாக இருந்தால் வண்டியை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். எத்தனை பெரிய மனிதர் பின்சீட்டில் இருந்தாலும் சரி, காவல் வண்டியானாலும் சரி.

நம் ஆளுக்கு மலையடிவாரத்து ஜீப் கொட்டகையில் ‘ஹாரன்’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழக்கதோஷத்தில் மலைப்பாதையில் ஹாரனை அழுத்தி, காவல்காரர்களை ஓடிவரச் செய்தவன். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டது அவன் அக்கா புருஷன். கொட்டகையில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவர் ‘மாமா’தான். வளையத்தை மறந்தார் என்று அவரை யாரும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்கு மாமா உச்சியில் இருக்கும் தங்குமிடத்துக்குத் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். ஹாரன் நான்கைந்து சுற்றுலாக்காரர்களோடு கீழ்முனைக்கு வந்தான். கம்பம் வெறுமை. காத்திருந்தான். மூடுபனி மேலேறிக்கொண்டிருந்தது.

“டிரைவர், பனி மூடிட்டா அப்புறம் என்னத்தப் பாக்குறது? இவ்ளோ தூரம் வந்து கம்பத்தையா பாக்குறோம்?” என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹாரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமா மேலே போனால் டீயைக் குடித்து, ஊர்க்கதை பேசி, அசைந்து அசைந்துதான் கிளம்புவார். அதற்குள் ஏறிவிடலாம் என்று வண்டியை எடுத்துவிட்டான்.

மாமா அன்று டீ குடிக்கவில்லை.

முழங்கை மாதிரி மடங்கும் திருப்பத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு ஜீப் எழுந்து வந்தது. ஹாரன் பிரேக்கை மிதித்ததுதான் தெரியும். எதிர் வண்டி பாறைப் பக்கம் ஒடித்து மேடேறிப் பக்கவாட்டில் சாய்ந்தது. பள்ளத்துப் பக்கம் ஒடித்திருந்தால் அங்கே ஆளே மிஞ்சியிருக்காது. மாமா நினைவில்லாமல் கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. தெறித்து விழுந்த வளையம் உருண்டு வந்து ஹாரனின் முன்சக்கரத்தருகே படுத்துக்கொண்டது.

அவன் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அதுதான் பிறகு அவனை அறுத்தது. யோசித்துச் செய்திருந்தால் கெட்டவன் என்று தன்னைத் திட்டிக்கொண்டு தீர்த்திருப்பான். கை தானாக நீண்டு வளையத்தை எடுத்தது, தன் கியர் கம்பியில் மாட்டியது. அப்புறம்தான் மாமாவை இழுத்து வெளியே போட்டான்.

அவன் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவே இல்லை. கூட வந்த சுற்றுலாக்காரர்களுக்கு வளையத்தின் கணக்கே தெரியாது. ஓடிவந்தவர்கள் அவன் கியரில் வளையத்தைப் பார்த்தார்கள். “மேல மாட்டுனத காவல் வண்டி கீழ எடுத்துட்டு வந்திருக்கும். மாமா கம்பத்தைப் பாக்காம எறங்கிட்டாரு போல. வயசாகுதுல்ல” என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

முறிந்த இடுப்பு கூடிவிட்டது, கொஞ்சம் சாய்த்து நடந்தார், அவ்வளவுதான். கூடாமல் போனது வேறு.

“வளையத்த எடுத்தேன்னுதான் மாப்ளே நெனப்பு இருக்கு,” என்பார் ஹாரனிடம். “கையில இரும்பு சில்லுனு பட்டது கூட ஞாபகம் இருக்கு. ஆனா அது அன்னிக்கா, முந்தின நாளா? தினம் செய்யுற வேலை. மண்டை ஏதோ ஒரு நாளத் தூக்கி அன்னிக்கு மேல ஒட்டி வெச்சிருக்கு.”

வீட்டில் படுத்தவர் எழுந்து போய் அடுப்பைத் திருகிப் பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி போவார். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார்.

“பூட்டு கையோட வந்துடப்போகுது” என்று அக்கா கேலி செய்வாள். அவர் அப்பால் போனதும் தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பாள். “நீ மட்டும் அன்னிக்கு அந்தப் பக்கம் வரலேன்னா இவரு அங்கயே கெடந்திருப்பாருடா. சாப்பிடு.”

அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் மாமா கொட்டகைக்கு வந்தார். வண்டியை ஓட்டுகிற உரிமத்தை நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். “என் தலைய நானே நம்பாதப்போ, நாலு பேரோட உசுர ஏத்திக்கிட்டுப் போறது தப்பு. ஒரே ஒரு தடவ மேல கூட்டிட்டுப் போ மாப்ளே. பாத்துட்டு வந்துடுறேன்.”

தண்ணீர் கேன்களோடு இருவரும் கிளம்பினார்கள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சரிவெல்லாம் மஞ்சள் பூ. தூரத்தில் அடுத்த நாட்டு வயல்கள் துவைத்துக் காயப்போட்ட துணிகள்போலத் தெரிந்தன. மாமா அதை ஒன்றும் பார்க்கவில்லை. கீழ்முனைக் கம்பத்தில் வளையம் தொங்கியது.

“நீங்க எடுங்க மாமா.”

அவர் இறங்கிப் போய் எடுத்தார். கொண்டுவந்து கியரில் மாட்டினார். உட்கார்ந்தார். வளையத்தைத் தொட்டார். வண்டி நகர்ந்ததும் மறுபடி தொட்டார். கொஞ்ச தூரத்தில் குரல் இறங்கிப்போய்க் கேட்டார்: “மாப்ளே, வளையம் இதுல இருக்குல்ல? உனக்கும் தெரியுதுல்ல?”

ஹாரன் வண்டியை நிறுத்தினான். அந்த முழங்கைத் திருப்பத்தில்தான் நின்றார்கள். எஞ்சினை அணைத்தான். காற்று மட்டும் கேட்டது.

“மாமா, அன்னிக்கு வளையம் உங்ககிட்டதான் இருந்துச்சு.”

“என்னது?”

“நீங்க மறக்கல. கீழ கம்பம் காலியாத்தான் இருந்துச்சு. நான்தான் வளையம் இல்லாம ஏறிட்டேன். உங்க வண்டியிலேருந்து விழுந்தத எடுத்து என் கியர்ல மாட்டிக்கிட்டேன்.”

மாமா அவனைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

“அப்போ நான் எடுத்திருக்கேன்.”

“எடுத்திருக்கீங்க.”

“சில்லுனு பட்டது... அது அன்னிக்குத்தான்.”

“அன்னிக்குத்தான் மாமா.”

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. தொலைத்த பிள்ளையைக் கடைத்தெருவில் கண்டவருக்கு வருமே, அப்படி ஒன்று வந்து உதட்டை ஆட்டிவிட்டுப் போயிற்று. அதைப் பார்ப்பதைவிட அடி வாங்கியிருக்கலாம் என்று ஹாரனுக்குத் தோன்றியது. அதன்பின் முகம் மூடிக்கொண்டது.

“உங்க அக்கா என்னைக் கொழந்த மாதிரி ஆக்கிட்டா, தெரியுமா? அடுப்ப அணைச்சாச்சு, அடுப்ப அணைச்சாச்சுனு தூக்கத்துல கூட சொல்றா. நீ அங்க ஒக்காந்து சாப்ட்டுக்கிட்டுதானே இருந்த?”

“மன்னிச்சிடுங்க” என்ற வார்த்தை ஹாரனின் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவரிடம் மன்னிப்பையும் கேட்டு வாங்குவதாகுமே என்று விழுங்கினான்.

மாமா கியரிலிருந்து வளையத்தைக் கழற்றினார். பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

“வளையம் என் கையில இருக்கு. இது இல்லாம மேல போகக் கூடாது. பின்னால எடு.”

“ரிவர்ஸ்லயா? இங்கேருந்து கீழ்முனை வரைக்குமா?”

“அன்னிக்கு இது இல்லாம வந்தவன் நீதானே. எடு.”

அவர் வண்டிக்குப் பின்னால் போய்ச் சரிவில் நின்றார். பிரேக் ஒரு முறை வழுக்கினால் சக்கரம் அவர்மேல் ஏறும். அவர் ஒரு முறை கை மாற்றிக் காட்டினால் இவன் பள்ளத்துக்குப் போவான். ஹாரன் கண்ணாடியில் அவரையே பார்த்தபடி பிரேக்கை மெல்ல விட்டான்.

“வா... வா... பாறைப் பக்கம் ஒடி. போதும். நேரா வா.”

சக்கரத்தின் கீழிருந்து கற்கள் பெயர்ந்து விழுந்தன. எங்கே போய் விழுந்தன என்று சத்தம் கேட்கவில்லை. வண்டிக்குப் பின்னே சாய்ந்து சாய்ந்து நடக்கிற அந்த இடுப்பைக் கண்ணாடி விடாமல் காட்டியது. அவர் குரல் மட்டும் ஒரு தரம்கூடப் பிசகவில்லை. தடத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கீழ்முனையில் காத்திருந்த ஜீப்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“என்ன மாமா, ஊர்வலமா? ரிவர்ஸ்ல வர்றீங்க?” என்றான் ஒருவன்.

“அவன் சொல்லுவான்,” என்றார் மாமா.

நேரே கம்பத்துக்குப் போனார். வளையத்தை மாட்டினார். அது ஆடி நிற்பதற்குள் திரும்பி, சாய்ந்த நடையில் ஊர்ப்பக்கம் இறங்கத் தொடங்கினார். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, வளையத்தையும் சரி, ஹாரனையும் சரி.

எல்லோரும் ஹாரனைப் பார்த்தார்கள். அவன் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினான்.