கிழக்குப் பார்த்த வண்டி

எங்கள் கேரவனில் ஊற்றிய தோசை எதுவும் வட்டமாக வந்ததில்லை. கல்லில் மாவை விட்டதும் அது வண்டியின் முன்பக்க இடது மூலையைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கும். ஒரு பக்கம் அடைபோலத் தடித்தும் மறுபக்கம் கருகியும் வந்த அந்தத் தோசைகளை என் கணவர் குமரகுரு ஒரு குறையும் சொல்லாமல் தின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குறை சொல்லாமல் தின்ற தோசைகள் அவை மட்டும்தான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை என்னுடையது. வண்டி அவருடையது. எங்கள் வீட்டில் எல்லாமே இப்படித்தான் பங்கு பிரிந்திருக்கிறது. மகள் இனியாவுக்குக் கல்யாணம் முடிந்தது. அவர் சர்க்கரை ஆலைப் பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நான் தாலுகா அலுவலக வேலையை விருப்ப ஓய்வில் விட்டேன். கடற்கரை ஓரமாகவே கன்னியாகுமரி போய், அப்படியே மேற்குக் கரையில் ஏறி, பிடித்த ஊரில் நின்று, பிடிக்காத ஊரைத் தாண்டிப் போவது என்று திட்டம். நாமக்கல் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், புது பஸ் சேஸிஸ் மேல், கட்டில், அடுப்படி, குளியலறையோடு வண்டி தயாரானது. இரும்புப் பட்டைக்குப் பதில் ஏர் சஸ்பென்ஷன். சக்கரத்துக்கு மேலே காற்றுப் பைகள். மெத்தையில் போவதுபோல் இருக்கும் என்றார்கள். மெத்தை என்னவோ இருந்தது, அதிலிருந்து உருண்டு விழாமல் படுப்பதுதான் பாடாக இருந்தது.

பின்பக்க வலது மூலை தூக்கிக்கொண்டு நின்றது. குளியலறைத் தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் அடுப்படிக்கு வந்து நலம் விசாரித்தது. மெக்கானிக் சரவணமுத்து வந்தார். சோப்புத் தண்ணீர் அடித்துக் குழாய் குழாயாகப் பார்த்தார். எங்கும் காற்றுக் கசியவில்லை. காற்றுப் பையை மாற்றினார். பிறகு லெவலிங் வால்வை மாற்றினார். வண்டியின் உயரத்தைப் பார்த்துப் பைக்குக் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த வால்வுதான். அதிலிருந்து அச்சுக்கு ஒரு சின்னக் கம்பி போகிறது. கம்பியின் நீளத்தை நட்டில் கூட்டினால் அந்த மூலை ஏறும், குறைத்தால் இறங்கும். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து இதெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

பட்டறையில் வண்டி சமமாக நிற்கும். மோகனூரில் எங்கள் வாசலுக்கு வந்து இரண்டொரு நாளில் மறுபடி சாயும்.

"வண்டிக்கு ஊட்டை உட்டுப் போக மனசில்லீங்க போல," என்றார் சரவணமுத்து. அவருக்கும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

எதிர் வீட்டு முத்தாயம்மாளுக்கு இது தினசரிப் பொழுதுபோக்கு. "ஏம் நர்மதா, கன்னியாகுமரியெல்லாம் நல்லாருந்துச்சா?" என்பார், எங்கள் முருங்கைமரத்தடியில் கிழக்குப் பார்த்து நிற்கும் வண்டியைப் பார்த்துக்கொண்டே.

"இன்னைக்குத்தானுங்க அடுப்படி தாண்டியிருக்கறோம்," என்பேன் நான்.

சிரித்துவிட்டு உள்ளே வந்தால் எரிச்சலாக இருக்கும். வேலையை விட்டாயிற்று. பெட்டியில் மடித்து வைத்த துணி மடிப்பிலேயே வெளுக்கிறது. இந்த மழைக்கு முன் கிளம்பாவிட்டால் இனி எப்போதும் கிளம்ப மாட்டோம் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் தள்ளிப்போன எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஒரு நாள் விடிந்ததும், பால் வாங்கப் போனவர் வரவில்லையே என்று வாசலுக்கு வந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பால் தூக்கு சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பொறியாளராக இருந்தும் வீட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொடவே பயப்படுகிற மனிதர் சாக்கு விரித்து, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, ஸ்பேனரும் கையுமாகப் படுத்திருந்தார். நெஞ்சின்மேல் கைப்பேசி பேசிக்கொண்டிருந்தது.

"நட்டை இன்னும் ரெண்டு மரை ஏத்துங்க. கன்னி மூலைதானுங்க உசரமா இருக்கோணும். ஈசானியம் தாழ்ந்தே இருக்கட்டும்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். திருச்செங்கோட்டுக்காரர். முதலில் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தார். அவர் காட்டிய இடங்களில் போர் போட்டு எங்கள் தோட்டத்தில் புழுதியை மட்டும் எடுத்தோம். பிறகு வாஸ்து நிபுணராக உயர்ந்துவிட்டார். பூமிக்கு அடியில் தோற்றவருக்குப் பூமிக்கு மேலே நல்ல மதிப்பு.

காலை லேசாக உதைத்தேன். கைப்பேசி அணைந்தது.

"ஏனுங்க, கன்னி மூலைங்கறது தென்மேற்குதானே?"

"ஆமா, இந்தப் பின்னால வலது மூலைதான்," என்றது வண்டிக்கு அடியிலிருந்து.

"வண்டி திரும்பினா?"

ஸ்பேனர் சாக்கின்மேல் விழுந்தது.

"திரும்பினா அது எங்கீங்க போகும்?"

"நிறுத்தறப்பெல்லாம் கெழக்குப் பாத்து நிறுத்திக்கலாம்."

ஓய்வு பெற்ற பொறியாளரின் பதில் இது. நான் சிரிக்கத்தான் போனேன். அவர் நெளிந்து வெளியே வந்து, முதுகு மண்ணைத் தட்டாமல், சாக்கின்மேல் உட்கார்ந்தார்.

"சமமா நின்னா வாயு மூலைக்குப் பலம் கூடிருமாம். ஊட்டுப் பொம்பளை ஊட்ல தங்க மாட்டாளாம். போற எடத்துல அப்படியே போயிருவாளாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போய்விட வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. பாத்திரம் கழுவும்போது, அலுவலகத்திலிருந்து திரும்பும் பஸ்ஸின் ஜன்னலோரம், அவர் தொலைக்காட்சி முன் கொட்டாவி விடும்போது. யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் தோட்டத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதவர் இதைக் கண்டுபிடித்திருக்க வழியில்லை. அந்த ஆள் பத்து வீட்டில் சொல்வதைத்தான் இவரிடமும் சொல்லியிருப்பார். நம்புவதற்கு இவரிடம் ஏற்கெனவே இடம் இருந்திருக்கிறது. நான் கவனிக்கப்படவே இல்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். கவனித்திருக்கிறார். கேட்கத்தான் தெரியவில்லை. கேட்பதைவிட வண்டிக்கு அடியில் படுப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"நான் போகோணும்னா நாமக்கல் பஸ் ஏறிப் போயிருக்க மாட்டனா?" என்றேன். "உங்களோட ஒரே பெட்டிக்குள்ள அடைஞ்சு, உங்க கொறட்டையைக் கேட்டுக்கிட்டு, கன்னியாகுமரி வரைக்கும் வந்து அப்பறமா போவனா? புத்தியுள்ள எவளாவது அப்படிப் போவாளா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"போகமாட்டா," என்றார்.

"அந்த நட்டை எறக்குங்க."

"சரவணமுத்துவைக் கூப்பிடட்டா?"

"கெடுக்கறப்ப அவரைக் கூப்பிட்டீங்களா?"

மறுபடி உள்ளே நெளிந்தார். நான் ரசமட்டத்தைப் படுக்கையறைத் தரையில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக, இன்னும் இறக்குங்கள், போதும், கொஞ்சம் ஏற்றுங்கள் என்று கத்தினேன். அவர் வெளியே வந்து இன்ஜினை ஓடவிட்டதும் காற்று பெருமூச்சுபோல வெளியேற, பின்பக்க வலது மூலை மெல்ல இறங்கியது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றது.

கல்லைக் காய வைத்து மாவை ஊற்றினேன். எங்கும் நடக்காமல், ஊற்றிய இடத்திலேயே விரிந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார்.

"உப்பு பத்தலை," என்றார்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். வாசலைத் தாண்டியதும் வண்டி கிழக்கிலிருந்து தெற்குக்குத் திரும்பியது. முத்தாயம்மாள் கையாட்ட மறந்து நின்றார். குமரகுரு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, சாலையைப் பார்க்காமல், ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கதான் இருக்கறன்," என்றேன். "ரோட்டைப் பாருங்க."