எந்தச் சாமியையும் அழைக்காத விழா

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, வேலையாகத் தரப்பட்ட ஒரு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் பழுதுபார்க்க வந்த பெண், கூண்டின் மேல் உட்கார்ந்து நட்டை முறுக்கிக்கொண்டே கேட்டாள்: "நீங்க எழுதுவீங்களாமே சார். என் பொண்ணுக்குப் பேரு வைக்கிற அன்னிக்கு வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தாங்க. அதுல எந்தச் சாமியும் வரக்கூடாது."

எழுதிக் கொடுத்தேன். கொடுத்த கையோடு இந்தக் கதையையும் தொடங்கிவிட்டேன்.

2

'தொட்டிலில் குழந்தை சிரித்தபோது கடவுளே வந்து...'

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே அவர் நுழைந்துவிடுகிறார். பழக்கதோஷம்.

நேராகவே சொல்கிறேன். மெக்கானிக்கும் அவள் கணவனும் (பேருந்து ஓட்டுநர், பேச்சு குறைவு) வேறு வேறு மதத்தில் பிறந்தவர்கள். கல்யாணத்தன்று இரண்டு அப்பாக்களும் முகம்கொடுத்துப் பேசவில்லை. சாமியில்லாத விழா என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குச் சேர்ந்து வந்து ஒரே சோபாவில் உட்கார்ந்தார்கள்.

"எங்க சாமிதான் வேணும்னு நான் சொல்லல," என்றார் மாமனார். "சம்பந்தி சாமியா இருந்தாலும் பரவால்ல. ஒண்ணாவது இருக்கணும்."

"சம்பந்தி சொல்றதுதான் சரி," என்றார் அவள் அப்பா.

(இது நான் சேர்த்த நகைச்சுவை இல்லை. நானாக இருந்தால் அடக்கி வாசித்திருப்பேன்.)

அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அவ வளர்ந்து எதை வேணா கும்பிடட்டும், கும்பிடாம இருக்கட்டும். இப்பவே அவள யாருக்கும் நாங்க எழுதிக் குடுக்க மாட்டோம்."

"அப்ப நான் வரல," என்றார் அவள் அப்பா.

"உங்க இஷ்டம்ப்பா."

3

மாமியார் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. வரைவில் அவரை அழவைத்திருந்தேன். வாசித்துக் காட்டியபோது மெக்கானிக் தடுத்தாள்.

"அத்தை அழல சார். மாமாவும் வரலன்னதும் அவர்கிட்ட, 'நீங்க வராட்டி உங்க சேர்ல என் தம்பி உக்காருவான்'னாங்க. மாமா முதல் ஆளா வந்துட்டார்."

பேருந்துப் பணிமனையின் ஓய்வறையில் விழா. ஓட்டுநர்கள் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த பக்கத்தை அவள் பாதிவரை வாசித்தாள். குழந்தை சிணுங்கியது. தாளை மடித்துக் கணவனிடம் நீட்டிவிட்டு, "இந்த ரூம்ல இருக்கறவங்க எல்லாரும் உனக்கு இருக்கோம்டி," என்றாள் மகளிடம். பிறகு பெயரைச் சொன்னாள். எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். என் நல்ல வாக்கியங்கள் எல்லாம் மறுபாதியில்தான் இருந்தன.

4

முடிவு, முதல் முயற்சி: கடைசி நிமிடத்தில் வாசலில் அப்பா, கண்கலங்கி...

"வரல சார்," என்றாள். "வந்த மாதிரி எழுதினா, வந்தவங்களுக்கு என்ன மரியாதை?"

இரண்டாம் முயற்சி: எல்லோரும் போனபின் அவள் தனியாக உட்கார்ந்து...

"அழுதேன். அது என் பாடு. விடுங்க."

நடந்தது இதுதான். மறுநாள் காலை அப்பா போன் செய்தார்.

"என்ன பேரு வச்சீங்க?"

"வந்து கேட்டுக்கோங்கப்பா."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

பெயர் எனக்குத் தெரியும். நானும் அந்த அறையில் இருந்தேன். இங்கே எழுத மாட்டேன். அதைக் கேட்க அவள் அப்பா நேரில் போனாரா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அவரை அனுப்புவதானால் சாமி துணையில்லாமல் தனியாக அனுப்புங்கள்.