56052361 பகா எண் அல்ல

எண்களுக்குச் சொந்தக்காரர் கிடையாது. என் பிழைப்பில் உள்ள தலைவலியே அதுதான். பதினொரு வருடம் மாடாய் உழைத்து, எந்த எண் எந்த வகை, எதனால் வகுபடும், இலக்கங்களைக் கூட்டினால் என்ன வரும் என்று நான் பட்டியல் போடுவேன். எவனோ ஒருவன் அதை அப்படியே சுட்டுவிட்டு, நானும்தான் கணக்குப் போட்டேன் என்பான். அவனைப் பிடிக்க ஆதாரம் வேண்டாமா? அதனால் சரிபார்க்கக் கொடுத்த மூன்று பிரதிகளிலும் ஆளுக்கொரு பொய்யை வேண்டுமென்றே வைத்தேன். அச்சுக்கோப்பவருக்கு ஒன்று, பதிப்பாளருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அக்காவுடையதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

அக்கா பிரதியில் 56052361 பகா எண் என்று போட்டேன். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது என்று அர்த்தம். உண்மையில் அது 211, 421, 631 மூன்றையும் பெருக்கினால் வருவது. ஆனால் பலே கள்ளன். எல்லோரும் முதலில் போடும் சோதனையில் பகா எண் போலவே நடித்துத் தப்பிவிடும். இந்த ரகத்துக்குக் கார்மைக்கேல் எண் என்று பெயர்.

என் புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே வேறொரு பதிப்பகத்தின் பட்டியல் கடைக்கு வந்துவிட்டது. நின்றபடியே புரட்டினேன். அச்சுக்கோப்பவரின் பொய் அதில் இல்லை. பதிப்பாளருடையதும் இல்லை. 412ஆம் பக்கத்தில் '56052361: பகா எண்' என்று இருந்தது. அக்காவுக்கென்று வைத்த பொய்.

"குடுத்தது யாருன்னு பேரச் சொல்லுங்க, வழக்குப் போட்டு நிறுத்திடலாம். இல்லேன்னா உங்க பதினொரு வருஷமும் போச்சு" என்றார் பதிப்பாளர்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். புத்தகத்தை அதன்மேல் போட்டேன்.

"இது எப்படி அவங்க கைக்குப் போச்சு?"

அக்கா சிவப்புப் பேனாவை மூடினாள். "அவங்க பதிப்பாசிரியர் குழுவுல என்னைச் சேத்துக்கறேன்னாங்க. எட்டாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்குடுத்தே இருபத்தாறு வருஷம் ஓடிடுச்சுடி."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"உன் புத்தகத்துல என்னையும் சேத்துக்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். பாக்கலாம்க்கான்னு சொன்ன."

அதற்காக? கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது? என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "அந்த எண் பொய்க்கா. உனக்குன்னே வெச்சது. 211, 421, 631 மூணையும் பெருக்கிப் பாரு" என்றேன்.

ஒரு விடைத்தாளின் ஓரத்தில் 211ஐ 421ஆல் பெருக்கினாள். வந்ததை 631ஆல் பெருக்கினாள்.

"எனக்கு அதுமேல சந்தேகம் இருந்துச்சு. சோதனையில தேறிடுச்சு. இன்னும் வகுத்துப் பாக்கலாமான்னு யோசிச்சேன். நீ எழுதினதாச்சே, தப்பு இருக்காதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை முட்டியது. கோபம் மட்டும் இம்மியும் குறையவில்லை. அவள் எதிரிலேயே பதிப்பாளருக்கு ஃபோன் போட்டுப் பெயரைச் சொன்னேன்.

"அவங்கதானா, நல்லாத் தெரியுமா?" என்றார்.

"சொந்த அக்கா. எனக்குத் தெரியாதா?" என்றேன்.